அசலைத் தொடும் சிக்கனம்



'குடும்பச் சிக்கனமும் வீட்டுக்கடனும்' என்று அழைப்பிதழில் தலைப்புப் போட்டிருக்கிறீர்கள். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் கணக்கு பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். பேசுகிறேன். ஆனால் விளக்கை அணை, விசிறியை நிறுத்து என்று ஆரம்பிப்பேன் என்று நினைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். அந்த உபதேசத்தை உங்கள் வீட்டு மாமியாரே என்னைவிட நன்றாகச் செய்வார்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மிச்சம் பிடித்த பணம் அசலைத் தொட வேண்டும். சீக்கிரமாகத் தொட வேண்டும். அசலைத் தொடாத சிக்கனம் எத்தனை கடுமையாக இருந்தாலும் உங்கள் கடனை ஒரு நாள்கூடக் குறைக்காது.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் ஊரில் சொல்லிவைத்தார்கள். அது கையில் காசு சேர்த்துக்கொண்டு வீடு கட்டிய காலத்துப் பேச்சு. இன்றைக்கு நாம் முதலில் குடியேறுகிறோம், பிறகு இருபது வருஷம் கட்டுகிறோம். கொத்தனார் கட்டி முடித்துவிட்டுப் போய்விட்டார். நாம் இன்னும் கட்டிக்கொண்டேயிருக்கிறோம். எதைக் கட்டுகிறோம்? அசலையா, வட்டியையா?

ஒரு கணக்கைப் பார்ப்போம். முப்பது லட்சம் ரூபாய் கடன். வட்டி எட்டரை சதவீதம். இருபது ஆண்டு. மாதத் தவணை 26,035 ரூபாய் வரும். முதல் மாதம் தவணை கட்டுகிறீர்கள். அதில் வட்டிக்குப் போவது எவ்வளவு தெரியுமா? 21,250 ரூபாய். அசலில் கழிவது 4,785 ரூபாய். இருபத்தாறாயிரம் கட்டினோம் என்று பெருமூச்சு விடுகிறோம். கடன் ஐயாயிரம்கூடக் குறையவில்லை.

சரி, ஐந்து வருஷம் விடாமல் கட்டுகிறீர்கள். அறுபது தவணை. மொத்தம் பதினைந்து லட்சத்து அறுபத்திரண்டாயிரம் ரூபாய் கையைவிட்டுப் போயிருக்கிறது. பாக்கி எவ்வளவு என்று வங்கியில் கேட்டால் இருபத்தாறு லட்சத்து நாற்பத்து நான்காயிரம் என்கிறார்கள். பதினைந்தரை லட்சத்துக்கு மேல் கட்டி, மூன்றரை லட்சம் சொச்சம்தான் அசலில் கழிந்திருக்கிறது. கேட்டவர்கள் பலர் என் மேஜைக்கு முன்னால் நின்று, 'சார், கம்ப்யூட்டரில் ஏதோ தப்பு இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறார்கள். தப்பே இல்லை. பத்து வருஷம் கழித்து வந்தால், பாதிக் காலம் போன பிறகும் இருபத்தொரு லட்சம் பாக்கி இருக்கும். தவணையில் அசலின் பங்கு வட்டியின் பங்கை முந்துவதற்குப் பன்னிரண்டாவது ஆண்டின் கடைசி ஆகிறது. இருபது ஆண்டு முடியும்போது நீங்கள் கட்டியிருப்பது அறுபத்திரண்டரை லட்சம். வீட்டுக்கு முப்பது, வட்டிக்கு முப்பத்திரண்டரை.

இதில் வங்கியை நான் குறை சொல்ல மாட்டேன். மீதமுள்ள அசலுக்குத்தான் வட்டி போடுகிறார்கள். ஆரம்பத்தில் அசல் பெரிதாக இருக்கிறது, அதனால் வட்டி பெரிதாக இருக்கிறது. நியாயமான கணக்கு. ஆனால் அந்த நியாயத்துக்குள்ளேயே நமக்கு ஒரு வழி இருக்கிறது. தவணைக்கு மேல் நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு ரூபாயும் வட்டிக்குப் பங்கு கொடுக்காமல் நேரே அசலில் போய் விழுகிறது. அந்த ரூபாய்க்கு மிச்சமிருக்கிற அத்தனை வருஷத்து வட்டியும் அன்றோடு நின்றுபோகிறது.

அதே முப்பது லட்சத்துக்கு முதல் மாதத்திலிருந்தே ஐயாயிரம் ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இருபது வருஷக் கடன் பதின்மூன்று வருஷம் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். ஆறு வருஷத்துக்கு மேல் மிச்சம். வட்டியில் ஏறத்தாழ பதினொன்றே முக்கால் லட்சம் மிச்சம். ஐயாயிரம் முடியாது, மூவாயிரம்தான் முடியும் என்கிறீர்களா? நல்லது. அப்போதும் பதினைந்து வருஷம் ஏழு மாதத்தில் முடியும். எட்டு லட்சத்துக்கு மேல் வட்டி மிச்சம். மாதாமாதம் எதுவும் முடியாது, வருஷத்துக்கு ஒரு தவணை மட்டும் கூடுதலாகக் கட்டுகிறேன் என்கிறீர்களா? அதுவும் நல்லதுதான். பதினாறே முக்கால் வருஷத்துக்குள் முடிந்துவிடும்.

இப்போது இந்தக் கணக்கிலேயே முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'சிறுதுளி பெருவெள்ளம்' என்று படித்திருக்கிறோம். எந்தத் துளி, எப்போது விழுந்த துளி என்று அந்தப் பழமொழி கேட்பதில்லை. கடன் கேட்கும். முதல் வருஷம் முடிந்ததும் உங்கள் கையில் ஒரு லட்சம் ரூபாய் வருகிறது. அதை அசலில் கட்டினால் கடைசியில் பதினெட்டு தவணை குறைகிறது. பதினெட்டு தவணை என்றால் நான்கு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். அதே ஒரு லட்சத்தைப் பதினைந்தாவது வருஷம் முடிந்து கட்டினால்? ஆறு தவணைகூடக் குறையாது. பணம் அதே பணம். வங்கி அதே வங்கி. வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. நாற்று நட்ட வயலில் மூன்றாம் வாரம் களை எடுப்பதும், கதிர் முற்றியபின் களை எடுப்பதும் ஒன்றா? இரண்டும் ஒரே கூலிதான்.

ஆகவே சிக்கனத்தை எப்போது கடைப்பிடிப்பது என்று கேட்டால், வீட்டுக்குக் குடிபோன முதல் ஐந்து வருஷம் என்பேன். ஆனால் நம் குடும்பங்களில் அந்த ஐந்து வருஷம்தான் செலவு தலைவிரித்து ஆடுகிற காலம்! யோசித்துப் பாருங்கள். கிரகப்பிரவேசத்துக்கு முந்நூறு பேருக்குச் சாப்பாடு. புது வீட்டுக்குப் பழைய பீரோவா என்று புது பீரோ. மாடுலர் கிச்சன். ஃபால்ஸ் சீலிங். ஹாலுக்கு ஒரு சோபா, அந்த சோபாவுக்கு ஏற்ற டி.வி., அந்த டி.வி.க்கு ஏற்ற மர அலமாரி. பக்கத்து ஃபிளாட்டில் போட்ட இன்டீரியரைப் பார்த்துவிட்டு வந்து, நம் வீட்டுச் சுவர் மொட்டையாக இருக்கிறது என்று வருத்தம். இவையெல்லாம் எந்தப் பணத்தில் நடக்கின்றன? பெரும்பாலும் தனிநபர் கடனில், இல்லையென்றால் கிரெடிட் கார்டில். எட்டரை சதவீத வட்டியை அடைக்க வேண்டிய காலத்தில் பதினான்கு சதவீதக் கடனை மேலே ஏற்றிக்கொள்கிறோம். கார்டில் பாக்கி வைத்தால் மாதத்துக்கு மூன்றரை சதவீதம்வரை போடுகிறார்கள். வருஷத்துக்கு நாற்பத்திரண்டு! கந்துவட்டிக்காரன் என்று நாம் ஊரில் யாரையோ திட்டுகிறோம்.

சகோதரிகளே, சகோதரர்களே, சுவர் மொட்டையாகவே இருக்கட்டும். நான்கு வருஷம் இருக்கட்டும். கடப்பா கல் மேடையிலும் சாம்பார் கொதிக்கும். உங்கள் சிக்கனத்தில் பெரிய பகுதி இந்த ஒரு முடிவில் அடங்கிவிடுகிறது. கொத்தமல்லிக் கட்டுக்கு இரண்டு ரூபாய் பேரம் பேசி வருஷம் முழுவதும் மிச்சம் பிடிப்பதை, ஒரு இன்டீரியர் கான்ட்ராக்டர் அரைமணி நேரத்தில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

சரி, அந்த மாதாந்தர ஐயாயிரம் எங்கிருந்து வரும்? இங்கேதான் குடும்ப பட்ஜெட் வருகிறது. பட்ஜெட் என்றால் பயப்பட வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மூன்று மாதம் ஒன்றையும் குறைக்காதீர்கள். செலவை எழுத மட்டும் செய்யுங்கள். ஜி.பே.யில் போனதையும் எழுதுங்கள், கையில் கொடுத்ததையும் எழுதுங்கள். இப்போதெல்லாம் டீக்கடையிலும் ஸ்கேன் செய்துவிட்டு வருகிறோம். பணம் கையைவிட்டுப் போகிற வலி தெரிவதில்லை. எழுதும்போது தெரியும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கணவருக்குத் தனியார் கம்பெனியில் 45,000 கைக்கு வருகிறது. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, 27,000. இரண்டு பிள்ளைகள். கூடவே அப்பா, அம்மா. எழுபத்திரண்டாயிரத்தில் தவணை இருபத்தாறாயிரம் போனால் மிச்சம் நாற்பத்தாறாயிரம். இதில் எங்கே சார் ஐயாயிரம் என்று அந்தக் கணவர் கேட்கிறார். மூன்று மாத நோட்டைப் புரட்டினால், மொபைலில் ஆர்டர் செய்து வரவழைத்த சாப்பாடு மாதம் 4,200. யாரும் ஊதாரி இல்லை. இரண்டு பேரும் ஏழு மணிக்குக் களைத்து வருகிறார்கள், பிள்ளை பரோட்டா கேட்கிறது, அவ்வளவுதான். மாதம் இரண்டு முறை வெளியில் சாப்பிடுவோம், மற்ற நாளில் இட்லி மாவு ஃபிரிட்ஜில் இருக்கட்டும் என்று முடிவு செய்தால் 1,500-இல் நிற்கும். அங்கே 2,700. வீட்டில் நான்கு போன், நான்குக்கும் தினமும் இரண்டு ஜி.பி. டேட்டா, வீட்டில் வைஃபை வேறு. அப்பாவும் அம்மாவும் போனில் பேசத்தான் செய்கிறார்கள். திட்டத்தை மாற்றினால் 600. சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு போனால் லிஸ்டில் இல்லாதது ஏறிக்கொள்ளும். லிஸ்டை எழுதி மளிகைக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்தால், எழுதியது மட்டும்தான் வீட்டுக்கு வரும். அதில் 1,200.

அடுத்தது மின்சாரம். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு வேலி. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு அட்டவணை வந்துவிடுகிறது. 490-இல் நிற்பவருக்கும் 520-இல் நிற்பவருக்கும் முப்பது யூனிட்தான் வித்தியாசம், பில்லில் வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஆகவே கணக்கெடுக்க வருகிற தேதிக்குப் பத்து நாள் முன்னால் மீட்டரை ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஏ.சி.யையும் கொஞ்சம் கவனித்துக்கொண்டால், இந்தக் குடும்பத்துக்கு மாதம் 500 மிஞ்சும். கூட்டிப் பாருங்கள். ஐயாயிரம் வந்துவிட்டதா? பாலைக் குறைக்கவில்லை. பழத்தைக் குறைக்கவில்லை. பெரியவர்களின் மாத்திரையைத் தொடவில்லை. பிள்ளையின் டியூஷனைத் தொடவில்லை.

இங்கே ஆண்களிடம் ஒரு வார்த்தை. சிக்கனம் என்று சொன்னால் நம் வீடுகளில் அது யார் தட்டில் முதலில் விழுகிறது? அம்மாவின் தட்டில். அவர் ஒரு முட்டையைக் குறைத்துக்கொள்வார். டாக்டரிடம் போக வேண்டிய முட்டிவலியை 'அடுத்த மாதம் பார்த்துக்கலாம்' என்பார். பஸ் கட்டணம் மிச்சமாகட்டும் என்று இரண்டு ஸ்டாப் நடப்பார். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அது ஒரு நிம்மதி. ஆனால் அதிலும் மிச்சமான காசு அவர் கைக்கு வருகிறதா? ஆண்களின் சிகரெட்டும், நண்பர்களோடு போகிற வார இறுதியும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிற போனும் பட்ஜெட்டில் கடைசியாகத்தான் வந்து நிற்கின்றன. அப்படிப்பட்ட சிக்கனத்தை நான் சிக்கனம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். நோட்டு இரண்டு பேர் கையெழுத்திலும் இருக்க வேண்டும். கடன் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீர்கள்?

ஐயாயிரம் மிஞ்சிவிட்டது. அதோடு முடிந்ததா? இல்லை. இப்போதுதான் ஆபத்தே ஆரம்பிக்கிறது. மிஞ்சிய ஐயாயிரம் சேமிப்புக் கணக்கில் கிடந்தால், இரண்டே மாதத்தில் அது ஒரு மிக்ஸியாகவோ, ஒரு மொய்யாகவோ மாறிவிடும். சம்பளம் வந்த மறுநாளே கடன் கணக்குக்குப் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைக் கட்டுகிறேன் என்பவர்களுக்கு மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சுவதில்லை. இது என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தவர்களிடம் நான் கண்டது.

கட்டும்போது இன்னொரு எச்சரிக்கை. கூடுதல் பணத்தைக் கட்டினால் அது எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். சில இடங்களில் அது அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக நின்றுவிடும். அசலில் வரவு வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தவணைத் தொகையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். தவணை குறைந்தால் அந்த மாதம் மனசு லேசாகும், கடன் அதே இருபது வருஷம் உட்கார்ந்திருக்கும்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்களே என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தனிநபர் பெயரில் உள்ள, மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அப்படி அபராதம் வாங்கக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவு போட்டுவிட்டது. நிலையான வட்டியில் வாங்கியவர்கள் மட்டும் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

மாறும் வட்டி என்றதும் 2022 ஞாபகத்துக்கு வருகிறது. அந்த ஆண்டு மே மாதம், ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டியான ரெப்போ விகிதம் நான்கு சதவீதத்திலிருந்து ஏற ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் ஆறரையில் வந்து நின்றது. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீதம். 6.7 சதவீதத்துக்கு முப்பது லட்சம் கடன் வாங்கியவருக்குத் தவணை 22,722. ஒரு வருஷம் கட்டிய பிறகு வட்டி 9.2 ஆகிறது. தவணையை ஏற்றவில்லை என்று அவர் சந்தோஷமாக இருக்கிறார். உள்ளே நடப்பது என்ன? அந்த 22,722-இல் ஏறக்குறைய அத்தனையும் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது முந்நூறு ரூபாய்கூட இல்லை. காலம் மட்டும் ஓசையில்லாமல் நீண்டுகொண்டே போகிறது. ஓய்வு பெறுகிற வயதைத் தாண்டிக் கடன் ஓடுகிற குடும்பங்கள் அப்போது உருவாயின.

இதற்குப் பிறகுதான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று வங்கிகள் கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் இதுவரை வசூலான அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இன்னும் எத்தனை தவணை பாக்கி, வட்டி விகிதம் என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும். இந்த மண்டபத்தில் வீட்டுக்கடன் உள்ளவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். அந்தக் காலாண்டு அறிக்கையைப் படித்தவர்கள் எத்தனை பேர்? பாருங்கள், கைகள் இறங்கிவிட்டன!

2025-இல் ரெப்போ விகிதம் இறங்க ஆரம்பித்தது. இறங்கும்போது பலரும் செய்கிற காரியம், தவணையைக் குறைத்துக்கொள்வது. செய்யாதீர்கள். ஏற்கெனவே கட்டிப் பழகிய தொகை அது. அதையே கட்டிக்கொண்டிருங்கள். குறைந்த வட்டியெல்லாம் அசலுக்குப் போகும். வீட்டில் யாருடைய தட்டிலும் ஒரு கவளம் குறையாமல் கிடைக்கிற மிச்சம் அது.

அதேபோல இன்னொன்று, சம்பள உயர்வு. என்னைக் கேட்டால் கடனை அடைப்பதில் காய்கறிக் கணக்கைவிட இதுதான் பெரிய ஆயுதம். இன்கிரிமென்ட் வருகிறது, அரசு ஊழியருக்கு டி.ஏ. ஏறுகிறது, தீபாவளி போனஸ் வருகிறது, விடுப்பைச் சரண்டர் செய்த பணம் வருகிறது. வருவதற்கு முன்பே அதற்கு வீட்டில் செலவு தயாராக இருக்கும். வருஷத்துக்கு ஐந்து சதவீதம் மட்டும் தவணையை ஏற்றிக்கொண்டே போங்கள். முதல் ஏற்றம் மாதத்துக்கு 1,300 ரூபாய்தான். அதே முப்பது லட்சக் கடன் பன்னிரண்டரை வருஷத்துக்குள் முடிந்துவிடும். சம்பளம் ஏறின அளவுக்குக் கடனும் தன் பங்கைக் கேட்கட்டும், மிச்சம் உங்களுக்கு.

இப்போது மறுபக்கம் பேச வேண்டும். 'சார், வீட்டுக்கடனை அடைக்காதீர்கள், வருமான வரிச் சலுகை போய்விடும்' என்று ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு. முப்பது சதவீத வரி கட்டுபவர்கூட நூறு ரூபாய் வட்டி கட்டி முப்பது ரூபாய் வரியைத்தான் மிச்சம் பிடிக்கிறார். எழுபது ரூபாய் கையிலிருந்துதானே போகிறது? அதுவும் பழைய முறையில் வரி கட்டினால்தான். புதிய முறையில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது. அதற்கு மாறியவர்களுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது.

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போட்டால் பன்னிரண்டு சதவீதம் வருமே, எட்டரையை ஏன் அடைப்பது? இது இளைஞர்கள் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வி. பன்னிரண்டு வரலாம். வராமலும் போகலாம். அடைத்த கடனின் எட்டரை நிச்சயம் வரும். முப்பது வயதில் இருப்பவர் இரண்டுக்கும் பிரித்துப் போடட்டும். நாற்பத்தைந்தில் இருப்பவரிடம் நான் கடனை அடையுங்கள் என்றுதான் சொல்வேன். நகைச் சீட்டு கட்டுகிற தாய்மார்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். தங்கம் சமீபத்தில் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் சிரிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் செய்கூலி, சேதாரம் கொடுத்து வாங்கிய ஆரத்தை விற்கப்போகும்போது அவை இரண்டும் திரும்பி வருவதில்லை. பெண்ணுக்குச் சேர்க்கிற நகை வேறு விஷயம். அதில் நான் தலையிட மாட்டேன், வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது.

ஆனால் ஒன்றில் நான் பிடிவாதமாக இருப்பேன். கையில் ஒன்றுமில்லாமல் எல்லாவற்றையும் கடனில் கொட்டக்கூடாது. அசலில் கட்டிய பணத்தை நாளைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்று திரும்பக் கேட்க முடியாது. அப்போது தனிநபர் கடனுக்கு ஓட வேண்டும், அத்தனை நாள் மிச்சம் பிடித்த வட்டியெல்லாம் அங்கே போய்விடும். ஆறு மாதச் செலவும் தவணையும் தனியாக இருக்கட்டும். குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு இருக்கட்டும். சம்பாதிக்கிறவர் பெயரில் கடன் தொகைக்குக் குறையாமல் டெர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கட்டும். கார்டு பாக்கியும் தனிநபர் கடனும் இருந்தால் அவற்றை முதலில் அடையுங்கள். இவையெல்லாம் ஆன பிறகுதான் வீட்டுக்கடனில் கூடுதல் பணம். ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் சில வங்கிகளில் இருக்கிறது. கையிருப்பை அதில் போட்டுவைத்தால் போட்ட நாளுக்கெல்லாம் வட்டி குறையும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி சற்றுக் கூட இருக்கும். எடுத்துச் செலவு செய்துவிடும் கை உள்ளவர்களுக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை வருகிற செலவுகளையும் மறக்காதீர்கள். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம், தீபாவளி, இன்ஷூரன்ஸ் பிரீமியம், வண்டி, அரையாண்டுக்கொருமுறை சொத்து வரி. இவை எதிர்பாராத செலவுகளா? ஜூன் மாதம் ஒவ்வொரு வருஷமும்தான் வருகிறது! எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒரு ஆர்.டி.யில் போடுங்கள். பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கடைசியாக, கடன் முடிந்த அன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்காருகிறேன். பத்திரத்தை ஒப்படைத்து அடமானம் வைக்கிற முறை நமக்குப் பழையது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் அதற்கென்று பெயர் சொல்லப்பட்ட நகரங்களில் மதராசும் ஒன்று. கடைசித் தவணை கட்டியதும் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். போனால் போதாது. கடன் தீர்ந்ததற்கான சான்றிதழை வாங்குங்கள். தாய்ப்பத்திரம் உட்பட நீங்கள் கொடுத்த அசல் ஆவணங்களை, கொடுத்தபோது வாங்கிய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் அடமானத்தைப் பதிவு செய்திருந்தால் அதை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் கடனே இல்லாத வீட்டுக்கு வில்லங்கச் சான்றில் கடன் காட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் வீட்டை விற்கப்போகும்போதோ, பாகம் பிரிக்கப்போகும்போதோ அலைவார்கள்.

கடன் முழுவதும் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கிகள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தங்கள் பக்கத்துக் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னால் நாளைக்குத் திங்கட்கிழமை, வங்கிக்குப் போய் அந்தக் காலாண்டு அறிக்கையைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பேருமாக உட்கார்ந்து படியுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.